குவாரிக் கருத்துக் கேட்பு: எதைச் சொன்னால் ஏடு ஏறும்?

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டிக் கல்குவாரி வரப்போகிறது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு நாளிதழில் அறிவிப்பு வந்திருக்கிறது. ஊரே திரண்டு போய் எதிர்ப்பைச் சொன்னால் போதுமா?
- வாசகர், கரூர் மாவட்டம்

பதில்: போதாது. அங்கே வாக்கெடுப்பு கிடையாது, இத்தனை பேர் வரவேண்டும் என்ற கணக்கும் இல்லை. ஆயிரம் பேர் கத்தினாலும் 'பொதுமக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். சர்வே எண்ணும் தூரமும் சொல்லி வைத்த ஆட்சேபத்தை அப்படித் தள்ளுவது கடினம்.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தரவேண்டும். அந்த நாட்களில்தான் வேலை இருக்கிறது. குவாரியால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று சொல்லும் வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் பார்வைக்கு இருக்கும். தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டுமே. வில்லங்கமெல்லாம் ஆங்கிலத் தடிப்புத்தகத்தில். படிக்கத் தெரிந்த ஒருவரைக் கையோடு கூட்டிப் போங்கள்.

முதலில் தூரத்தைப் பாருங்கள். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக் குத்தகை தரக்கூடாது என்கின்றன. ஆனால் 'குடியிருப்பு' என்பது வருவாய்ப் பதிவேட்டில் உள்ள நத்தம், வீட்டுமனை, அல்லது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு. புறம்போக்கில் இரண்டு தலைமுறையாக இருக்கிற காலனி வீடுகள் இந்தக் கணக்கில் விடுபட்டுப் போகும். அநியாயம்தான். அதனால் பட்டா, வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை நகல்களைப் புலப்படத்தோடு (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடம்) சேர்த்து மனுவாகக் கொடுங்கள்.

அடுத்தது தண்ணீர். கள ஆய்வு பெரும்பாலும் மழையில்லாத ஒரு பருவத்தில்தான் நடக்கும். ஐப்பசியில் கரைபுரளும் ஓடை அறிக்கையில் வறண்ட பள்ளமாகிவிடும். ஓடையின் சர்வே எண், அது நிரப்பும் ஏரி, சுற்றியுள்ள கிணறுகளின் ஆழம், மழைக்காலப் படங்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள்.

பேசி முடித்ததும் வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். நடவடிக்கைக் குறிப்பை முடிவில் தமிழில் வாசிக்க வேண்டும் என்பது விதி. விடுபட்டதை அங்கேயே, வீடியோ ஓடும்போதே சொல்லிச் சேர்க்கச் செய்யுங்கள்.

கேள்வி: கூலி வேலையை விட்டு வர முடியாதவர்கள் என்ன செய்வது?

பதில்: எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்பலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஒரே கடிதத்தை நகலெடுத்து நூறு பேர் கையெழுத்திட்டால் ஒரே ஆட்சேபமாகத்தான் பார்ப்பார்கள். அவரவர் நிலம், கிணறு பற்றித் தனித்தனியாக எழுதுவது நல்லது.

கேள்வி: கிராம சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா?

பதில்: அனுமதியைத் தானாகத் தடுத்துவிடாது, ஆனால் பின்னால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனால் நல்ல ஆவணம். குறைவெண் வரம்பை, அதாவது கிராம சபைக்குக் குறைந்தது எத்தனை பேர் வரவேண்டும் என்பதை, மட்டும் கவனியுங்கள்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்குமேல் 300. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்மானம் எழுதி முடித்த பிறகு போடுங்கள். நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தரவேண்டும்.