கணக்குப் படித்தவளுக்குக் கடலோரத்தில் என்ன வேலை?

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. கணிதம் கடைசி வருஷம். பயன்பாட்டுக் கணிதத்தில் பிஎச்.டி. செய்து பேராசிரியர் ஆகணும் என்கிறாள். ராத்திரியெல்லாம் நோட்டில் அலை மாதிரி வளைவுகள் வரைகிறாள். மூத்தவனை இன்ஜினியரிங் படிக்க வைக்க நாட்டுப்படகை விற்றேன். இப்போது அடுத்தவர் விசைப்படகில் போகிறேன். இவள் பி.எட். முடித்து டீச்சரானால் போதாதா? கணக்குப் படித்தவளுக்கு இந்தக் கடலோரத்தில் என்ன வேலை?
ஒரு தந்தை, தங்கச்சிமடம்

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன் ஐயா. புயல் எச்சரிக்கை என்று, கடலுக்குப் போக மீன்வளத்துறை அனுமதி டோக்கன் தராத நாளில் நீங்கள் கரையில் இருக்கிறீர்கள். அந்த எச்சரிக்கைக்குள் இருப்பது உங்கள் மகள் படிக்கிற கணக்குதான். காற்று கடலைத் தள்ளுவதைச் சமன்பாடுகளாக எழுதி, கணினியில் தீர்த்து, அலை எவ்வளவு எழும்பும் என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். ஹைதராபாத்தில் இதற்கென்றே மத்திய அரசின் கடல்சார் தகவல் மையம் இருக்கிறது.

உங்கள் தீவுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கமுள்ள வடகடல் ஆழமில்லாதது, தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள தென்கடல் ஆழமானது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆழம் குறைந்த கடலில் புயல்காற்று தண்ணீரைக் கரைப்பக்கம் அதிகமாகக் குவிக்கும். சுனாமி போல, ஆழத்தைவிடப் பல மடங்கு நீளமான அலையின் வேகமும் ஆழத்தைப் பொறுத்ததுதான். 10 மீட்டர் ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 36 கிலோமீட்டர் ஓடும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் கடல் ஏறியபோது, எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல நம்மிடம் ஆள் இல்லை. கணித மேதை ராமானுஜன் பிறந்ததும் ஒரு டிசம்பர் 22 என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

ஜேம்ஸ் லைட்ஹில் என்று ஓர் ஆங்கிலேயர், 26 வயதில் மான்செஸ்டரில் பேராசிரியர் ஆனவர். மீன் எப்படி நீந்துகிறது என்பதற்குக் கணக்கு எழுதினார். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கும்போது இந்தியப் பெருங்கடலின் நீரோட்டம் எப்படி மாறுகிறது என்றும் எழுதினார். 1969இல், நியூட்டன் வகித்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. அவர் தாளில் தேடிய மீனும் நீரோட்டமும் உங்கள் வாசலிலேயே இருக்கின்றன.

சரி, பணத்துக்கு வருவோம். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வை எம்.எஸ்சி. கடைசி வருஷத்திலேயே எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. அதாவது அவள் ஆராய்ச்சிக்கு நீங்கள் எதையும் விற்க வேண்டாம். அதற்காகப் பாதை சுலபம் என்று சொல்லவில்லை. பிஎச்.டி.க்கே நாலைந்து வருஷம் போகும். பிறகு பெரும்பாலும் வெளியூரிலோ வெளிநாட்டிலோ போஸ்ட் டாக் என்கிற தற்காலிக ஆராய்ச்சி வேலை. உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தாலும் இணைப் பேராசிரியர் பதவிக்கு 8 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். நிரந்தர வேலை கிடைக்காமல் கௌரவ விரிவுரையாளராகவே வருஷக்கணக்கில் நிற்பவர்களும் நிறைய. கைடு சரியில்லை என்றால் நல்ல மூளையும் வீணாகும். ஆகவே சேருவதற்கு முன், அவரிடம் ஏற்கெனவே படித்தவர்கள் எத்தனை வருஷத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று அவளை விசாரிக்கச் சொல்லுங்கள். பெரிய பெயரைவிட இதுதான் முக்கியம்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. மகனுக்குப் படகையே விற்றீர்கள். அப்போது "இந்தக் கடலோரத்தில் என்ன வேலை" என்று யாரிடமும் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. மகள் உங்களிடம் காசுகூடக் கேட்கவில்லை, காலம்தான் கேட்கிறாள். அவளுக்கு மட்டும் ஏன் ஐயா இந்தக் கேள்வி? டீச்சர் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவள் விரும்பினால் அது நல்ல வேலை. இங்கே விரும்புவது நீங்கள்.

அடுத்து டோக்கன் இல்லாத நாளில் அந்த நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். ஒரு வளைவைக் காட்டி, இது எந்த அலை என்று கேளுங்கள். வாடைக்காற்றில் வடகடல் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதை நீங்கள் சொல்லுங்கள், அவள் எழுதிக்கொள்ளட்டும். நெட் விண்ணப்பத்துக்கான பணத்தையும் அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.