ஹேட்ச்பேக்கா, ஹைபிரிட்டா? முதலில் உங்கள் தெருவை அளந்து பாருங்கள்

இருபத்தைந்து ஆண்டுகளாகப் பல்லாவரத்தில் கார் பட்டறை நடத்துகிறேன். "சின்ன பெட்ரோல் கார் வாங்கலாமா, ஹைபிரிட் எஸ்யூவிக்குப் போகலாமா?" என்று கேட்காமல் இப்போதெல்லாம் ஒரு வாரம்கூடக் கழிவதில்லை. ஹைபிரிட் என்றால் பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த கார். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து: ஐயா, வேலை சோழிங்கநல்லூரில். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுவேன். எல்லாம் சேர்த்து மாருதி ஸ்விஃப்ட் ஆட்டோமேட்டிக் 10 லட்சம், டொயோட்டா ஹைரைடர் ஹைபிரிட் 20 லட்சம் என்று விலை கொடுத்திருக்கிறார்கள். பெட்ரோல் மிச்சத்திலேயே அந்த 10 லட்சம் திரும்பி வந்துவிடும் என்கிறார் விற்பனையாளர். வருமா?

வராது, தம்பி. கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம். நிறுவனங்கள் அறிவித்த மைலேஜ், லிட்டருக்கு ஸ்விஃப்ட் ஆட்டோமேட்டிக் 25.75 கிலோமீட்டர், ஹைரைடர் ஹைபிரிட் 27.97 கிலோமீட்டர். அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் காலை ஒன்பது மணிக்கு மேடவாக்கத்தில் ஊர்ந்து போகிற வண்டிக்கு அந்த எண்கள் பொருந்தாது. என் பட்டறைக்கு வருகிறவர்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், நெரிசலில் சின்ன கார் 14, ஹைபிரிட் 21 என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் 1,000 கிலோமீட்டருக்கு ஒன்று 71 லிட்டர் குடிக்கும், மற்றது 48 லிட்டருக்குள் முடித்துவிடும். லிட்டர் 101 ரூபாய் என்றால் மாதம் ஏறத்தாழ 2,400 ரூபாய், ஆண்டுக்கு 29,000 ரூபாய் மிச்சம். பத்து லட்சத்தை எடுக்க 34 ஆண்டுகள் ஆகும். காரின் பதிவுக் காலமே 15 ஆண்டுகள்தான்.

இந்த இடைவெளியில் வரிக்கும் பெரிய பங்கு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத, 1,200 சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். நான்கு மீட்டரைத் தாண்டிய 1.5 லிட்டர் ஹைபிரிட்டுக்கு 40 சதவீதம். அதற்கு மேல் தமிழ்நாட்டுச் சாலை வரி: 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம்.

இதனால் ஹைபிரிட் வேண்டாத பொருள் ஆகிவிடாது. ஒப்பிடுகிற ஜோடிதான் தவறு. உங்கள் குடும்பத்துக்குப் பெரிய கார் உண்மையிலேயே தேவை என்றால், அதே அளவுள்ள பெட்ரோல் ஆட்டோமேட்டிக் காரோடு ஹைபிரிட்டை நிறுத்திப் பாருங்கள். நெரிசலில் அந்தப் பெட்ரோல் எஸ்யூவி 11 கொடுத்தாலே பெரிது. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டினால் ஆண்டுக்கு 78,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம் வரும். ஹைபிரிட்டுக்குக் கூடுதலாக இரண்டரை லட்சம் கொடுத்திருந்தாலும் மூன்றேகால் ஆண்டில் கைக்கு வந்துவிடும். அங்கே ஹைபிரிட்டை நான் தயங்காமல் சொல்வேன். உங்கள் 1,000 கிலோமீட்டருக்கும் வீட்டில் இருக்கும் மூன்று பேருக்கும் ஸ்விஃப்ட் போதும்.

அண்ணா நகரிலிருந்து: நெரிசலில் ஹைபிரிட் ஏன் அவ்வளவு மிச்சம் பிடிக்கிறது? மே மாத வெயிலில் ஏசி போட்டாலும் அப்படியேவா?

சிக்னலில் நிற்கும் சாதாரணக் காரில் ஏசி வேண்டுமென்றால் எஞ்சின் ஓடியே ஆக வேண்டும். ஒரு அடிகூட நகராமல் பெட்ரோல் எரியும். ஹைரைடர் போன்ற, மோட்டார் மட்டுமே வண்டியை நகர்த்தக்கூடிய ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் ஏசியின் கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுகிறது. எஞ்சின் அணைந்திருந்தாலும் குளிர்ச்சி வரும். வண்டி நகரத் தொடங்கும்போது மின்மோட்டார் தள்ளுகிறது. வேகம் குறைக்கும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, பிரேக்கில் வெப்பமாக வீணாகியிருக்க வேண்டிய ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. பிரேக் கட்டைகளும் அதிக நாள் உழைக்கும்.

ஆனால் ஹைரைடரின் பேட்டரி முக்கால் யூனிட்டு மட்டுமே கொண்ட சின்ன பேட்டரி. கத்திரி வெயிலில் நீண்ட நேரம் ஓரிடத்தில் நின்றால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எஞ்சின் தானாக எழுந்து சார்ஜ் ஏற்றும். அதைக் கோளாறு என்று நினைத்து என்னிடம் வண்டியைக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. "ஹைபிரிட்" என்ற சொல்லை மட்டும் நம்பி முன்பணம் கட்டாதீர்கள். மைல்ட் ஹைபிரிட் எஞ்சினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். மோட்டார் மட்டும் வண்டியை இழுத்துச் செல்லாது. ஒரே மாடல் பெயரில் இரண்டு வகையும் விற்கின்றன. எஞ்சின் ஓடாமல் வண்டி நகர்கிறதா என்று ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மேற்கு மாம்பலத்திலிருந்து: என் அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. சின்ன காரில் ஏறி இறங்க மிகவும் சிரமப்படுகிறார். ஆனால் எங்கள் தெரு குறுகல். நான்தான் ஓட்ட வேண்டும். எதை வாங்குவது?

அம்மா, வந்த கேள்விகளிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். ஸ்விஃப்ட்டின் நீளம் 3,860 மில்லிமீட்டர், ஹைரைடரைப் போலவே ஹைபிரிட்டிலும் கிடைக்கும் மாருதி எஸ்யூவியான கிராண்ட் விட்டாராவின் நீளம் 4,345. ஏறக்குறைய அரை மீட்டர் கூடுதல். அகலத்தில் 60 மில்லிமீட்டர் கூடுதல். இரண்டு பக்கமும் ஸ்கூட்டர்கள் நிற்கிற தெருவில் அந்த அரை மீட்டர் தினமும் உங்களைச் சோதிக்கும்.

இருந்தாலும் உங்கள் அம்மாவின் முழங்கால்தான் முதலில். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழ, உடலின் முழு எடையையும் மடங்கிய முழங்கால் தூக்க வேண்டும். மிக உயரமாக இருந்தாலும் கால் எட்டாது. அவர் காருக்குப் பக்கத்தில் நிற்கும்போது இடுப்பும் இருக்கையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அவரைக் கடைக்கு அழைத்துப் போய், ஒவ்வொரு காரிலும் ஐந்து முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முதல் முறை எல்லாமே வசதியாகத்தான் தெரியும். அதன் பிறகு அந்தக் காரை மாலை ஏழு மணிக்கு உங்கள் தெருவுக்கு எடுத்து வந்து நிறுத்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள். நான்கு மீட்டருக்கு உட்பட்ட, இருக்கை சற்று உயர்ந்த பெட்ரோல் கார்களையும் கட்டாயம் பாருங்கள். உங்கள் விடை அங்கேதான் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

போரூரிலிருந்து: ஆண்டுக்கு நான்கு முறை திருநெல்வேலி போகிறோம், ஐந்து பேர். பெரிய வண்டி என்றால் டிக்கியும் பெரிதுதானே?

ஹைபிரிட்டில் இல்லை. பேட்டரி டிக்கியின் அடியில் உட்கார்ந்திருப்பதால் கிராண்ட் விட்டாரா ஹைபிரிட்டில் 265 லிட்டர் இடம்தான். ஸ்விஃப்ட்டிலும் அதே 265. ஹைபிரிட் அல்லாத கிராண்ட் விட்டாராவில் 373 லிட்டர். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும்போது பிரேக் போட வாய்ப்பில்லாததால் ஹைபிரிட்டின் மைலேஜ் மேன்மையும் குறைந்துவிடும். பின் இருக்கையில் மூன்று பேர் என்றால் எஸ்யூவியின் அகலம் உதவும். பெட்டிகளையும் காரில் ஏற்றியே பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஆவடியிலிருந்து: பேட்டரி போய்விட்டால்?

ஹைரைடர், கிராண்ட் விட்டாரா இரண்டிலும் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டுகள் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் உண்டு. பேட்டரிக்குக் குளிர்காற்று போகும் துவாரம் எங்கே இருக்கிறது என்று கையேட்டில் பார்த்து, அதைத் துணியாலும் பையாலும் அடைக்காமல் வைத்திருங்கள்.

வேளச்சேரியிலிருந்து: மழை வந்தால் மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்துகிறவர்கள் நாங்கள். ஹைபிரிட் தண்ணீரில் மாட்டினால் ஆபத்தா?

மேம்பாலத்தில் நிறுத்துவதைத் தயங்காமல் தொடருங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது, முழங்கால் தண்ணீரில் நின்ற ஒரு ஹேட்ச்பேக்கை அதன் சொந்தக்காரர் பதற்றத்தில் ஸ்டார்ட் செய்துவிட்டார். எஞ்சினுக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அழுத்த முடியவில்லை. கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. அந்த எஞ்சினைப் பிரித்தவன் நான். அணைத்த நிலையிலேயே விட்டிருந்தால் பெரும்பாலும் சுத்தம் செய்து மீட்டிருக்கலாம். காப்பீட்டில் எஞ்சின் பாதுகாப்புக்குத் தனிப்பிரிவு உண்டு. எந்தக் கார் வாங்கினாலும் சென்னையில் அதை விடாதீர்கள்.

ஹைபிரிட்டில் மின்கசிவு தெரிந்தால் இணைப்பைத் தானே துண்டிக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆனாலும் தண்ணீரில் நின்ற வண்டியின் ஆரஞ்சு நிற வயர்களைத் தொடவே தொடாதீர்கள். கயிறு கட்டி இழுக்கவும் விடாதீர்கள். முன்சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உற்பத்தியாகும்; அதனால் பழுது பெரிதாகும். வண்டியை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் லாரியைக் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் முன்சக்கரங்களையாவது தரையிலிருந்து தூக்கியபடி இழுக்கச் சொல்லுங்கள்.