20 பைட்டில் ஒரு பேக்கப்

கேள்வி: போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 12-ஆம் பதிப்பிலிருந்து 16-க்கு மாறி மூன்று வாரம் ஆன நிலையில், ஒரு டேபிளில் வேண்டிய வரிகளைத் தவறுதலாக டெலிட் செய்துவிட்டோம். பேக்கப்பைத் திறந்தால், மாறிய நாளிலிருந்து ஒவ்வொரு கோப்பும் 20 பைட்தான் இருக்கிறது. லாகில் மட்டும் தினமும் 'பேக்கப் முடிந்தது' என்று பதிவாகியிருக்கிறது. மீட்க வழி உண்டா?

பதில்: வழி இருக்கிறது. அவசரம் என்பதால் உங்களுக்கு அன்றே தனியாக எழுதிவிட்டேன். மற்றவர்களுக்கும் பயன்படும் என்று இங்கேயும் சொல்கிறேன்.

முதல் வேலை, சர்வரை நிறுத்திவிட்டு டேட்டா டைரக்டரியை முழுசாக வேறொரு டிஸ்க்கில் நகலெடுப்பது. போஸ்ட்கிரெஸ் டெலிட் செய்த வரியை உடனே அழிப்பதில்லை. செத்த வரி என்று குறித்து அங்கேயே விட்டுவைக்கும். பிறகு வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து அந்த இடத்தைக் காலி செய்யும். சர்வர் ஓட ஓட உங்கள் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். நகல் கையில் இருந்தால், செத்த வரிகளைப் படிக்கும் பிஜி_டர்ட்டிரீட் என்ற எக்ஸ்டென்ஷனை அதில் முயலலாம்.

அடுத்து, பழைய 12-இன் டைரக்டரி இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பை மாற்றும் பிஜி_அப்கிரேடை நகல் முறையில் ஓட்டியிருந்தால் பழையது அப்படியே இருக்கும். வேறு போர்ட்டில் அதைக் கிளப்பி, அந்த ஒரு டேபிளை மட்டும் டம்ப் (கோப்பாக நகல்) எடுங்கள். மூன்று வாரத்துக்கு முந்தைய வரிகள் அத்தனையும் வந்துவிடும். லிங்க் முறையில் ஓட்டியிருந்தால் மட்டும் பழையதைக் கிளப்பவே கிளப்பாதீர்கள். இரண்டுக்கும் கோப்புகள் ஒன்றே என்பதால் புதியதும் கெட்டுப்போகும்.

சரி, அந்த 20 பைட் எங்கிருந்து வந்தது? நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டில் டம்ப் எடுக்கும் கருவியாகப் பழைய 12-இன் பிஜி_டம்ப்தான் இன்னும் இருக்கிறது. தன்னைவிடப் புதிய சர்வரைக் கண்டால் அது 'வெர்ஷன் பொருந்தவில்லை' என்று நின்றுவிடும். அந்தச் செய்தியை உங்கள் ஸ்கிரிப்ட் குப்பைக்கு அனுப்புகிறது. ஒரு நிரல் தருவதை அடுத்த நிரலுக்குக் கடத்தும் பைப்புக்கு அந்தப் பக்கம், கோப்பைச் சுருக்கும் ஜிசிப் இருக்கிறது. அதற்கு ஒரு எழுத்துகூட வராது. அது வெறுமையைச் சுருக்கி 20 பைட்டில் ஒரு கோப்பு செய்து, வெற்றி என்று திரும்பும். ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல், பைப்பில் கடைசி ஆளின் பதிலைத்தான் கேட்கும்.

இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் நாற்பது நாள் கோப்புகள் வரிசையாக, ஒரே அளவில் நின்றதைப் பார்த்தபோது கை நடுங்கியது. அன்றிலிருந்து பைப்பையே விட்டுவிட்டேன். பிஜி_டம்ப்பின் கஸ்டம் ஃபார்மட் தானே சுருக்கிக்கொள்ளும். பைப் வேண்டியே தீரும் என்றால் ஸ்கிரிப்டின் தலையில், நடுவில் யார் தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயிலைப் போடுங்கள். புதிய பிஜி_டம்ப்பின் முழுப் பாதையை எழுதுங்கள். அப்புறம், வாரம் ஒருமுறை ஒரு காலி டேட்டாபேஸில் ரீஸ்டோர் செய்து, முக்கியமான டேபிளின் வரிகளை எண்ணுங்கள். ரீஸ்டோர் ஆகாத கோப்பை நான் பேக்கப் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேள்வி: 16-இல் எடுத்த டம்ப்பைப் பழைய சர்வரில் ஏற்றினால், 'கோப்பின் தலைப்பில் உள்ள வெர்ஷன் ஆதரிக்கப்படவில்லை' என்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. டம்ப்பை ஏற்றும் கருவியான பிஜி_ரீஸ்டோரின் பழைய பதிப்புக்கு அந்தக் கோப்பைப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். 16-இன் பிஜி_ரீஸ்டோரை வைத்து அதைச் சாதாரண எஸ்கியூஎல் கோப்பாக மாற்றுங்கள். பழைய சர்வருக்குப் புரியாத வரிகள் ஒன்றிரண்டு இருக்கலாம். அவற்றைக் கையால் திருத்தி ஏற்றுங்கள்.

கேள்வி: புதிய சர்வரில் ரீஸ்டோர் செய்யும்போது 'இந்த ரோல் இல்லை' என்று பிழை வருகிறதே?

பதில்: பிஜி_டம்ப் ஒரு டேட்டாபேஸை மட்டுமே எடுக்கும். ரோல்களும் (சர்வரின் பயனர் கணக்குகள்) பாஸ்வேர்டுகளும் அதில் வராது. சர்வர் முழுவதையும் எடுக்கும் பிஜி_டம்ப்ஆலில் குளோபல்ஸ்-ஒன்லி என்ற தேர்வைக் கொடுத்து அவற்றைத் தனியாக எடுங்கள். முதலில் அந்தக் கோப்பை ஏற்றிவிட்டு, பிறகு டேட்டாபேஸை ஏற்றுங்கள்.