மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டிலேயே என்ன ஓவிய வேலை கொடுக்கலாம்?

பெயின்ட் பெட்டி வாங்கும் முன் சமையலறையைப் பாருங்கள். முற்றின வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிக் கொடுங்கள் (கத்தி உங்கள் கையிலேயே இருக்கட்டும்). வெட்டிய பக்கத்தை ஈரம் போகத் துடைத்து, கெட்டியாகக் குழைத்த மஞ்சளில் தொட்டுத் தாளில் அழுத்தினால் ஐந்து முனைப் பூ விழும். மஞ்சள் நீர்த்திருந்தால் ஓரம் கசிந்துவிடும். காய்ந்ததும் அதன்மேல் துணி சோப்பு கரைத்த தண்ணீரைத் தூரிகையால் தொட்டு வைக்கச் சொல்லுங்கள், மஞ்சள் செங்காவியாக மாறும். செம்பருத்தி இதழைத் தாளில் தேய்த்தால் ஊதா நிறம் வரும்; அதில் எலுமிச்சைச் சாறு பட்டால் இளஞ்சிவப்பு. இந்த நிறமாற்றத்துக்காகவே பிள்ளைகள் வெகுநேரம் உட்காருவார்கள்.

அரச இலையின் நரம்புப் பக்கத்தை மேலே வைத்து, மெல்லிய தாளை மூடி, கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்ப்பதும் நல்லது. முடித்ததும் “இது என்ன படம்?” என்று கேட்காதீர்கள். “எப்படிச் செய்தாய்?” என்று கேளுங்கள், நிறையச் சொல்லும்.