உங்கள் ஊரில் மறக்க முடியாத முன்னாள் ராணுவ வீரர் யார்? ஊருக்கு அவர் என்ன செய்தார்?

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம், பாமணியாற்றங்கரை. அங்கே 'சாப்பர்' என்றால் ஒரே ஆள்தான். பெங்களூரு மெட்ராஸ் சாப்பர்ஸில், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படையில், ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குச் சொந்தமில்லை, ஆனாலும் பெரியப்பா. போன வருடம் காலமானார். அஞ்சலி பேனரில் யாரோ அவர் கையில் துப்பாக்கியை ஒட்டிவிட்டிருந்தார்கள். நாங்கள் அவர் கையில் பார்த்ததெல்லாம் ஓர் இரும்புக் கம்பிதான்.

1971 போரில் மேற்கு முனையில் இருந்தார். பசந்தர் ஆற்றங்கரையில் டாங்கிகள் போவதற்காகக் கண்ணிவெடிகளை அகற்றி வழி திறந்தது பொறியாளர் படை. அதைப் பற்றிக் கேட்டால், "தரையக் குத்திக் குத்திப் பாத்துக்கிட்டு இருந்தேன், வேற என்னத்தக் கண்டேன்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

ஊருக்கு வந்தும் அதே வேலைதான். ஐப்பசி மழைக்கு முன்னால் கரை நெடுக நடந்து, கம்பியைச் சாய்வாகக் குத்திக்கொண்டே போவார். சட்டென்று உள்ளே இறங்கினால் அங்கே எலி வளையோ நண்டு வளையோ இருக்கிறது. ஆறு நிரம்பினால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். பல உடைப்புகள் அப்படி ஆரம்பிப்பவைதான். அந்த இடத்தில் ஒரு வேப்பங்குச்சியை நட்டுவிட்டு நகர்வார். பின்னால் வருகிற பையன்கள் தோண்டி, களிமண் போட்டு, திமிசுக்கட்டையால் இடிக்க வேண்டும். ஒழுங்காக இடிக்காதவனுக்கு இந்தியில் வசவு விழும். மகா கோபக்காரர், அதனாலேயே சிலர் கடைசி வரை அவரோடு பேசவில்லை.

2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் வாய்க்கால் கரை ஒன்று உடைந்தபோது, எல்லாரும் நடு உடைப்பில் மூட்டையைத் தூக்கிப் போட ஓடினார்கள். போட்ட மூட்டையெல்லாம் தண்ணீரோடு போனது. அவர்தான் நிறுத்தினார். முதலில் உடைந்த இரண்டு முனைகளையும் மூட்டை அடுக்கிக் கட்டச் சொன்னார், இல்லையென்றால் வாய் அகன்றுகொண்டே போகும். பிறகு சவுக்குக் கம்புகளை வளைவாக இரண்டு வரிசை அடித்து, கீற்று முடைந்து, நடுவில் மூட்டை. "முக்கால் மூட்டை நிரப்புனா போதும்டா. ரொம்பத் திணிச்சா படியாது, சந்துல தண்ணி பூந்துரும்." இன்றைக்கும் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

2018 கஜாவுக்கு அவருக்கு எழுபதை ஒட்டிய வயது. விடிந்ததும் ரோடு முழுக்கத் தென்னையும் மாவும். அரிவாளோடு இறங்கியவர்களிடம் இரண்டே கட்டளை: கம்பியில் மின்சாரம் இல்லை என்று தெரியாமல் யாரும் தொடக்கூடாது, வேரோடு சாய்ந்த மரத்தின் குழிக்குள் பிள்ளைகள் இறங்கக்கூடாது. தலைப்பக்கத்தை அறுத்ததும் பாரம் குறைந்து, அடிமரம் வேரோடு சடாரென்று எழும்பிக் குழியில் உட்காரும். ஒரு மாமரம் எங்கள் கண்ணெதிரே அப்படி எழுந்து நின்றது.

இதையெல்லாம்விட நான் பெரிதாக நினைப்பது அவர் எழுதிய மனுக்களை. படையில் இருந்த காலத்தில் கல்யாணத்துக்கு 'பார்ட் டூ ஆர்டர்' (ராணுவப் பதிவேட்டில் கல்யாணத்தைப் பதியும் உத்தரவு) போடாமல் விட்டிருந்தாலோ, டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் ஓர் எழுத்து பிசகியிருந்தாலோ, கணவர் போன பிறகு குடும்பப் பென்ஷனுக்கு அந்தம்மா அலைய வேண்டியதுதான். அப்படிப்பட்டவர்களைத் திருவாரூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் தன் செலவில் பஸ்ஸில் கூட்டிப்போவார். நவம்பர் வந்தால் வீடு வீடாகப் போய் உயிர்வாழ் சான்றிதழை ஞாபகப்படுத்துவார்.

அவர் கடைசியாக மனு எழுதிக்கொடுத்தது எங்கள் தெருக்கோடி அத்தைக்கு. அதற்கு இப்போது பதில் வந்திருக்கிறது. பெயர் மாற்றத்துக்கு அஃபிடவிட்டும் பள்ளிச் சான்றிதழும் கேட்டிருக்கிறார்கள். அத்தை பள்ளிக்கூடமே போனதில்லை. அதற்குப் பதிலாக என்ன கொடுக்கலாம் என்று யாருக்காவது தெரிந்தால் கருத்தில் சொல்லுங்கள், திங்கட்கிழமை திருவாரூர் போகிறோம்.