முத்தமும் சூப்பும்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 44 வயது. கணக்கெழுதும் வேலை. இருபது வருடமாக 'தீவிர இலக்கியம்' என்று சொல்லப்படுவதைத்தான் படித்து வருகிறேன். என் மகளுக்கு 15 வயது. எந்நேரமும் அவள் தலையணைக்கடியில் ஒரு புத்தகம் கிடக்கும். அது அவள் வயதுக்கு ஏற்றதுதானா என்று பார்க்கத்தான் 'தி ஹங்கர் கேம்ஸ்' முதல் பாகத்தைக் கையில் எடுத்தேன். முடித்தபோது இரவு இரண்டு மணி. மறுநாள் இரண்டாம் பாகம். அப்புறம் 'டைவர்ஜென்ட்', 'டெலிரியம்'. மூன்று தொடர், ஒன்பது புத்தகம், ஆறு வாரம்.

வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒரு நண்பரிடம் மட்டும் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "டீன் ஏஜ் காதல் கதைக்குப் பின்னால் ஒரு சர்வாதிகாரியின் படத்தை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதானே" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மகள் நேரெதிர்க் கட்சி. "எனக்கு அந்தப் புரட்சியெல்லாம் வேண்டாம்மா, கடைசியில் யாரோடு சேர்கிறாள் என்று தெரிந்தால் போதும்" என்று போர் வரும் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகிறாள்.

உங்களிடம் இரண்டு கேள்விகள். இந்தக் கதைகளில் காதல் என்பது கசப்பு மருந்தின் மேல் தடவிய தேன்தானா? அப்புறம், எல்லாத் தொடரிலும் மூன்றாம் பாகம் மட்டும் ஏன் சொதப்புகிறது?

என் பெயரைப் போட்டுவிடாதீர்கள். மகள் உங்கள் தளத்தைப் படிப்பதில்லை. நண்பர் படிப்பார்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள 'பெயர் வேண்டாம்',

கூச்சத்தை முதலில் முடித்துவிடுவோம், அதில் பேச அதிகம் இல்லை. ஆறு வாரத்தில் ஒன்பது புத்தகம் படித்தவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. நானும் அட்டைக்கு மேல் பழைய தாளைச் சுற்றிக்கொண்டு இவற்றைப் படித்தவள்தான். இப்போது சுற்றுவதில்லை. வயதானால் சில வசதிகள் வந்துவிடுகின்றன.

இன்னொன்று. கீழே முடிவுகளையெல்லாம் போட்டு உடைக்கப்போகிறேன். இந்தத் தொடர்களை இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் இங்கேயே நின்றுகொள்ளலாம்.

மருந்தின் மேல் தேன் என்றால், தேனை வழித்தெடுத்த பிறகும் மருந்து மருந்தாக மிஞ்ச வேண்டும் இல்லையா? 'தி ஹங்கர் கேம்ஸ்' கதையில் காதலை வழித்தெடுத்துப் பாருங்கள், மருந்தும் கையோடு வந்துவிடும். குலுக்கலில் எடுத்த மாவட்டத்துப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்ல வேண்டிய, நாடே தொலைக்காட்சியில் பார்க்கும் விளையாட்டில் மாட்டிக்கொண்டவர்கள் காட்னிஸும் பீட்டாவும். அதில் வரும் குகைக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். பீட்டாவுக்குத் தொடையில் ஆழமான வெட்டு, காய்ச்சல் வேறு. செத்துப்போகிறவன் மாதிரி ஏதோ பேச ஆரம்பிக்கிறான். அவன் வாயை அடைக்க காட்னிஸ் முத்தமிடுகிறாள். குகைக்கு வெளியே வந்தால் பாராசூட்டில் ஒரு சின்னப் பாத்திரம் இறங்கியிருக்கிறது. உள்ளே சூடான சூப். வழிகாட்டி ஹேமிட்ச் அனுப்பியது. கூட ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை, ஆனாலும் அவளுக்குச் செய்தி புரிந்துவிடுகிறது: ஒரு முத்தத்துக்கு ஒரு பாத்திரம் சூப். நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவர்கள் உருகினால் புரவலர்கள் பணம் தருவார்கள், பணம் வந்தால் சாப்பாடு இறங்கும்.

நீங்கள் கணக்கெழுதுகிறவர், இந்த வரவு செலவு உங்களுக்கு உடனே பிடிபட்டிருக்கும். இதில் அரசியலைத் தனியாக எங்கே வைப்பது, காதலைத் தனியாக எங்கே வைப்பது? எந்த முத்தம் பீட்டாவுக்கு, எந்த முத்தம் சூப்புக்கு என்று முத்தமிட்டவளுக்கே கடைசிவரை தெளிவாகத் தெரியவில்லை. அடுத்தவர்களைக் கொல்லச் சொல்கிற அரசுகளைப் பற்றி நிறையப் படித்திருக்கிறோம். சொந்த மனசில் இருப்பது நிஜமா நடிப்பா என்று தெரியாமல் அடித்துவிடுகிற அரசை இவ்வளவு எளிமையாக, ஒரு சூப் பாத்திரத்தை வைத்துச் சொன்னது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

அதே புத்தகத்தின் ஆரம்பத்தில் இன்னொரு கணக்கு வரும். சாவு விளையாட்டுக்குக் குலுக்கல் போடுகிறார்களே, அதில் 12 வயதில் உங்கள் பெயர் ஒரு முறை விழும், 18 வயது வரை வருடத்துக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும். வீட்டில் பட்டினி என்றால் கூடுதலாகப் பெயரைக் கொடுத்து, பெயருக்கு ஓர் ஆள் வீதம் தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். காட்னிஸ் வீட்டில் மூன்று பேர், ஆக வருடத்துக்கு நான்கு. 16 வயதில் அவள் பெயர் 20 முறை. அவளுடைய வேட்டைத் தோழன் கேல் வீட்டில் ஐந்து பேர், அவனுக்கு 18 வயது: 42 முறை. மேயரின் மகளுக்கு ஐந்து இருந்தால் அதிகம் என்று அவளிடமே எரிந்து விழுகிறான். ஒரே வயதுப் பிள்ளைகளைப் பசி எப்படித் தனித்தனி வரிசையில் நிறுத்துகிறது என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை. 20-ம் 42-ம் காட்டில் சேர்ந்து வேட்டையாடுகின்றன. அந்த நட்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் இந்த இரண்டு எண்களைத்தான் காட்டுவேன். உங்கள் மகளுக்குக் கணக்கு பிடிக்குமென்றால் ஒருநாள் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது இரண்டாம் பாகத்தின் தொடக்கத்துக்கு வாருங்கள். நாட்டின் ஜனாதிபதி ஸ்னோ ஒரு பெண்ணின் வீட்டுக்கு நேரில் வந்து உட்கார்ந்திருக்கிறார். என்ன விசாரணை? உன் காதல் உண்மையா என்பது. முதல் பாகக் கடைசியில் அவளும் பீட்டாவும் விஷப் பழங்களைச் சேர்ந்து வாயில் போடப் போனார்கள் அல்லவா, அது காதல் வெறியில் செய்ததா, அரசை எதிர்த்துச் செய்ததா? காதல் என்றால் மன்னிக்கலாம். எதிர்ப்பு என்றால் மாவட்டங்கள் பற்றிக்கொள்ளும். தனக்கு நம்பிக்கை வரவில்லை, என்னை நம்பவை என்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு 'நெடுநல்வாடை' ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். நக்கீரர் பாடிய 188 அடிப் பாட்டு. அரண்மனையில் அரசி தூக்கம் வராமல் கிடக்கிறாள், பாசறையில் அரசன் நள்ளிரவு வாடையில் காயம்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். பிரிவுத் துயர்தான், பார்த்தால் சுத்தமான அகப்பாட்டு. ஆனால் படைத்தலைவன் ஒருவன் கையில் இருக்கும் வேலின் தலையில் வேப்பந்தழை கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனுடைய பூ. அகப்பாட்டில் தலைவன் இன்னார் என்று அடையாளம் தெரியக்கூடாது. ஆகவே இது புறம் என்றார் நச்சினார்க்கினியர். ஒரு கொத்து வேப்பிலை, மொத்தப் பாட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விட்டது. ஸ்னோ செய்வதும் உரையாசிரியர் வேலைதான். கைநிறையப் பழங்களை வைத்துக்கொண்டு இது அகமா புறமா என்று கேட்கிறார். என்ன, இவருடைய உரை பிழைத்தால் ஆள் பிழைக்காது.

உங்கள் மகளின் கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. கடைசியில் யாரோடு சேர்கிறாள்? பீட்டாவோடு. ஏன் கேல் இல்லை? அவள் தள்ளிவிட்டுப் போன போர்ப் பக்கங்களில் அது இருக்கிறது. மூன்றாம் பாகத்தில் கேல் ஒரு வெடிகுண்டுப் பொறிக்குத் திட்டம் போடுகிறான். முதலில் ஒரு வெடிப்பு. அடிபட்டவர்களைக் காப்பாற்ற ஆட்கள் ஓடி வருவார்கள். அப்போது இரண்டாவது வெடிப்பு. இரக்கத்தையே தூண்டில் புழுவாக மாட்டுகிற யோசனை, வேட்டைக்காரன் மூளையில்தான் வரும். அப்படியொரு குண்டில்தான் காப்பாற்ற ஓடிய பிரிம் சாகிறாள், காட்னிஸின் தங்கை. அது கேல் யோசித்த குண்டுதானா என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை. அதற்குமேல் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் பேச எதுவும் மிச்சமில்லை. இரண்டு பையன்களில் யார் அழகு, யார் நல்லவன் என்று மூன்று புத்தகமாக வாசகர்கள் கட்சி கட்டிச் சண்டை போட்ட முக்கோணத்தை, ஓர் ஆயுதத்தின் வடிவமைப்பை வைத்து முடித்திருக்கிறார் சூசன் காலின்ஸ். பக்கத்தைத் தள்ளிவிட்டுப் படித்தால் கேல் ஏதோ வேலை கிடைத்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டான் என்றுதான் தோன்றும்.

எல்லாத் தொடரையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. இதன் வெற்றிக்குப் பிறகு வந்த கதைகளில் பாதிக்கு உங்கள் நண்பர் சொன்னது அப்படியே பொருந்தும். காதலர்கள் தனியாக இருக்க வேண்டிய நேரத்தில் மட்டும் எல்லாக் கேமராவும் பழுதாகிவிடுகிற சர்வாதிகாரங்கள். ஊரடங்கு உண்டு, ஆனால் நாயகன் மட்டும் மாடி ஏறி வருவான். அங்கே சட்டம் என்பது வீட்டில் ஒத்துக்கொள்ளாத அப்பாவுக்குப் பதிலாக நிற்கும் ஆள். அந்தச் சர்வாதிகாரியை எடுத்துவிட்டு ஒரு கண்டிப்பான சித்தப்பாவைப் போட்டாலும் கதை நடக்கும் என்றால், புத்தகத்தை மூடிவிடுவேன். மூடாமல் படித்ததும் உண்டு, அது வேறு விஷயம்.

நண்பரிடம் சம்யாத்தின் என்ற ரஷ்ய எழுத்தாளரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ரஷ்ய மொழியில் அவர் எழுதிய 'நாம்' நாவல் 1924-இல் முதலில் ஆங்கிலத்தில்தான் வந்தது, அவருடைய நாட்டில் அச்சாக 1988 ஆயிற்று. கண்ணாடி வீடுகளில் பெயருக்குப் பதில் எண்ணோடு வாழும் மனிதர்கள். இளஞ்சிவப்புச் சீட்டு கையில் இருந்தால்தான், அதுவும் குறித்த நேரத்துக்கு மட்டும், திரையை இறக்கிவிட்டுக்கொள்ளலாம். ஒழுங்கான ஒரு பொறியாளன் ஒரு பெண்ணின் பின்னால் போய்த் தடம் புரள்கிறான். கடைசியில் அவன் மூளையிலிருந்து கற்பனையை அறுவை செய்து எடுத்துவிடுகிறார்கள். அதன்பிறகு அவளைச் சித்திரவதை செய்வதை உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கிறான். 2011-இல் வந்த 'டெலிரியம்' கதையில் 18 வயதில் காதலை அறுவை செய்து எடுக்கிறார்களே, அந்தக் கத்தியை இங்கேயே பார்த்துவிடலாம். 1949-இல் வந்த ஆர்வெல்லின் '1984' நாவலிலும் காதலர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கிறார்கள். ஆக, காதலை வைத்து எதேச்சாதிகாரத்தை எழுதுவது டீன் ஏஜ் பிள்ளைகளுக்காகக் கண்டுபிடித்த வியாபாரம் இல்லை.

வித்தியாசம் முடிவில்தான். பெரியவர்களின் நாவலில் காதல் தோற்கிறது, இங்கே அரைகுறையாகவாவது தப்பிக்கிறது. நண்பர் இதைத்தான் சின்னப்பிள்ளைத்தனம் என்பார். ஆர்வெல்லின் நாயகன் வின்ஸ்டனுக்கு 39 வயது. அவன் காட்டிக்கொடுப்பதை என்னால் நம்ப முடிகிறது. 16 வயதுக்காரியின் கதையை அதே இடத்தில் நிறுத்தினால் படிக்கிற பிள்ளை புத்தகத்தைச் சுவரில் எறியும். எறியட்டும், அதுதான் சரி.

இனி மூன்றாம் பாகம். 'ஹங்கர் கேம்ஸ்' 2008, 2009, 2010. 'டைவர்ஜென்ட்' 2011, 2012, 2013. வருடத்துக்கு ஒரு புத்தகம், அவசரம் ஒரு காரணமாக இருக்கலாம். அதைவிடப் பெரிய காரணம் கண். இந்தக் கதைகளெல்லாம் 'நான்' என்று ஒரு பெண் சொல்ல, இந்த நிமிடம் நடப்பதுபோல் எழுதப்படுகிறவை. "ஓடினேன்" இல்லை, "ஓடுகிறேன்". முதல் பாகத்துக்கு அது அபாரமாகப் பொருந்தும். ஒரு சட்டம், ஓர் உடம்பு, அடுத்த நொடி உயிரோடு இருப்போமா என்பது அவளுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. மூன்றாம் பாகத்தில் கதை நாடு தழுவிய போராகிவிடுகிறது. ஒரு பெண்ணின் கண்ணில் போர் முழுசாகத் தெரியாது. எழுத்தாளர் என்ன செய்வார்? 'டெலிரியம்' மூன்றாம் பாகத்தில் நாயகி லீனாவோடு தோழி ஹேனாவும் பேச ஆரம்பிக்கிறாள். 'டைவர்ஜென்ட்' மூன்றாம் பாகத்தில் ஓர் அத்தியாயம் நாயகி டிரிஸுக்கு என்றால் இன்னொன்று அவள் காதலன் டோபையஸுக்கு. இரண்டு புத்தகம் தனியாகப் பேசிய பெண்ணுக்கு மூன்றாவதில் எதற்குத் துணைக்குரல் என்று எனக்கு நடுவிலேயே திக்கென்றது. பயந்தது சரியாகப் போயிற்று. டிரிஸ் செத்த பிறகு கதையைச் சொல்ல யாராவது வேண்டுமே. அந்தச் சாவுக்காக ஆசிரியர் வெரோனிகா ராத்தை வாசகர்கள் திட்டித் தீர்த்தார்கள். திரைப்படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. மூன்றாம் புத்தகத்தை இரண்டு படமாகப் பிரித்தார்கள், 2016-இல் முதல் பாதி ஓடவில்லை, இரண்டாம் பாதியை எடுக்கவே இல்லை.

காலின்ஸ் குரலை மாற்றவில்லை. அதனால் மூன்றாம் பாகமான 'மாக்கிங்ஜே' முழுக்க காட்னிஸ் பாதி நேரம் மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கிறாள், மீதி நேரம் பிரசாரப் படத்துக்கு வேஷம் கட்டிக் கேமரா முன்னால் நிற்கிறாள். முக்கியமானதெல்லாம் அவள் இல்லாத இடத்தில் நடந்து, யாரோ வந்து சொல்கிறார்கள். நாயகி தூங்கியே கதையை முடித்துவிட்டாள் என்று கோபப்படுகிறவர்கள் உண்டு, நீங்களும் அந்தக் கட்சி என்று நினைக்கிறேன். முதல் தடவை நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டாம் தடவை படித்தபோது, 17 வயதுப் பெண்ணுக்கு ஒரு போரில் இதற்குமேல் என்ன தெரிந்திருக்க முடியும் என்று பட்டது. முதல் பாகத்தில் எதிரியின் கேமரா, இப்போது சொந்தக் கட்சியின் கேமரா. சூப்புதான் மாறியிருக்கிறது.

நண்பர் இதைப் படித்துவிட்டு உங்களைக் கூப்பிட்டால் முதல் பாகத்தை இரவல் கொடுங்கள். வேறு பிரதி வாங்கிக் கொடுங்கள். மகளின் தலையணைக்கடியில் இருப்பதை எடுக்க வேண்டாம், இவர்களிடம் போனது திரும்பி வராது.

அன்புடன்,
அக்கா