அணுவும் அளவும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்கு டால்டன், தாம்சன், ரூதர்ஃபோர்டு, போர் என்று வரிசையாக அணு மாதிரிகள் வருகின்றன. ஒவ்வொருவர் சொன்னதும் பிறகு தப்பு என்கிறார்கள். தப்பை எதற்குப் படிக்க வேண்டும்?
(ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: படம் மாறியது, அதற்கு அடியில் இருந்த அளவீடு இன்றும் நிற்கிறது. 12 கிராம் கரி 16 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு, 32 கிராமோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. சரியாக இரண்டு மடங்கு. பொருள் எண்ணக்கூடிய துண்டுகளாக இருந்தால்தான் இப்படி முழு மடங்கு வரும். டால்டன் பிடித்துக்கொண்ட நூல் இதுதான். தண்ணீரில் ஒரு ஹைட்ரஜனுக்கு ஒரு ஆக்சிஜன் என்று அவர் எடுத்துக்கொண்டார்; உண்மையில் இரண்டுக்கு ஒன்று. அன்றைய எடை அளவும் துல்லியம் போதாது. அதனால் 1808ல் அவர் பட்டியலில் ஆக்சிஜனின் அணு எடை 16க்குப் பதில் 7.

1897ல் தாம்சன், குழாயில் எந்த வாயு இருந்தாலும், மின்முனை எந்த உலோகமானாலும், கேத்தோடு கதிரின் (எதிர்மின்முனையிலிருந்து கிளம்பும் கதிர்) மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் மாறவில்லை என்று கண்டார். எல்லா அணுவுக்கும் பொதுவான எலக்ட்ரான் அப்படித்தான் வெளிப்பட்டது. ‘யார் என்ன சொன்னார்’ என்று மகளிடம் கேட்காதீர்கள். ‘எந்த அளவீட்டுக்கு அந்த மாதிரியால் பதில் சொல்ல முடியவில்லை’ என்று கேளுங்கள்.

கேள்வி: ரூதர்ஃபோர்டின் சோதனையில், மெல்லிய தங்கத் தகட்டில் அடித்த ஆல்ஃபா துகள் (கதிரியக்கப் பொருளிலிருந்து வரும் நேர்மின்னூட்டத் துகள்) திரும்பி வந்ததை எப்படிப் பார்த்தார்கள்? தங்கம் எதற்கு?
(கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: கண்ணால்தான், நுண்ணோக்கி வழியாக. ஜிங்க் சல்பைடு பூசிய திரையில் ஆல்ஃபா துகள் ஒன்று பட்டால் ஒரு சின்னப் பொறி மின்னும். இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் இருந்த கைகரும் மார்ஸ்டனும் 1909ல் மான்செஸ்டரில் அந்தப் பொறிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். தங்கத்தைத் தங்கரேக்கு போல மிக மெல்லியதாக அடிக்கலாம். அதன் அணுவும் கனமானது. பாடப்புத்தகத்தில் வரும் ‘8,000ல் ஒன்று திரும்பியது’ என்ற கணக்கு, உண்மையில் பிளாட்டினத்தில் எடுத்தது.

தாம்சன் மாதிரியில் சொன்னதுபோல் நேர்மின்னூட்டம் அணு முழுக்கப் பரவியிருந்தால், ஒரு துகளைத் திருப்பியடிக்கும் விசை எங்கேயும் கிடைக்காது. அது ஒரு சிறு இடத்தில் குவிந்திருக்க வேண்டும் என்று ரூதர்ஃபோர்டு 1911ல் கணக்குப் போட்டுக் காட்டினார். எவ்வளவு சிறு இடம்? புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலை அடியில் 4 செ.மீ. எலுமிச்சம்பழம் ஒன்றை வையுங்கள். அது தங்கத்தின் அணுக்கரு என்றால், அணுவின் விளிம்பு ஏறக்குறைய 400 மீட்டர் தள்ளி வரும். புத்தகப் படங்களில் அணுக்கருவைப் பட்டாணி அளவுக்கு வரைவது பக்கத்தில் இடம் இல்லாததால்தான்.

கேள்வி: எலக்ட்ரான் குறிப்பிட்ட சில ஆற்றல்களில் மட்டுமே இருக்கும் என்று போர் சொன்னாரே, அந்த ஆற்றல் மட்டங்களுக்குச் சாட்சியாக மாணவர்களுக்கு எதையாவது காட்ட முடியுமா? பள்ளியில் கருவி இல்லை.
(அறிவியல் ஆசிரியர், கடலூர் முதுநகர்)

பதில்: பழைய சிடி ஒன்றும் செருப்பு அட்டைப்பெட்டி ஒன்றும் போதும். பெட்டியின் ஒரு முனையில், அடிப்பலகைக்கு இணையாகப் படுக்கைவாட்டில் ஒரு பிளவு வெட்டி, சவர பிளேடின் இரண்டு பாதிகளை எதிரெதிரே ஒட்டுங்கள். இடைவெளி இரண்டு ஏ4 தாளின் கனம், அதாவது சுமார் 0.2 மி.மீ. மறுமுனையில், பளபளக்கும் முகம் பிளவைப் பார்க்க, மேல்விளிம்பு பின்பக்கம் சாய, தரைக்கு 60 டிகிரியில் சிடியை நிறுத்துங்கள். அதற்கு நேர் மேலே மூடியில் 2 செ.மீ. துளை. பிளவைப் பழைய சிஎஃப்எல் விளக்குக்குக் காட்டி, துளை வழியாகப் பாருங்கள். விளக்கில் உள்ள பாதரசத்தின் ஊதா (அலைநீளம் 436 நானோமீட்டர்), பச்சை (546), மஞ்சள் (577, 579) கோடுகள் தனித்தனியாக நிற்கும். வெள்ளை எல்இடியில் கோடு இருக்காது, வண்ணப்பட்டைதான்.

கோடு மங்கி ஒன்றோடொன்று கலந்தால் பிளவு அகலம். சாய்ந்து தெரிந்தால் பிளவும் சிடியின் தடங்களும் இணையாக இல்லை; சிடியின் நடு அச்சுக்கு நேர் கீழே உள்ள பகுதியைப் பயன்படுத்துங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் மூலைகளில் வெளிச்சம் கசிகிறது, கறுப்பு டேப் ஒட்டுங்கள். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கவே கூடாது.

உப்புக் கஞ்சி பொங்கி வழிந்தால் கேஸ் அடுப்பின் நீலச் சுடர் மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். மரக்காணம் உப்புக் கரைசலைக் கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டினாலும் அதுவே, சோடியத்தின் 589 நானோமீட்டர் மஞ்சள். உண்மையில் அவை 589.0, 589.6 என்று இரண்டு கோடுகள். சிடியால் அவற்றைப் பிரிக்க முடியாது. எலக்ட்ரான் ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு இறங்கும்போது அந்த வித்தியாசம் மட்டுமே ஒளியாக வரும். நடுவில் உள்ள நிறங்கள் வராததற்கு அதுதான் காரணம். போர் 1913ல் ஹைட்ரஜனின் 656, 486, 434 கோடுகளைக் கணக்கில் கொண்டுவந்தார். இரண்டே எலக்ட்ரான் உள்ள ஹீலியத்தில் அதே கணக்கு தடுக்கியது. அதற்குக் குவாண்டம் இயக்கவியல் தேவைப்பட்டது.

கேள்வி: அணுக்கருவில் புரோட்டானோடு இருக்கும் நியூட்ரானைக் கண்டுபிடிக்க மட்டும் ஏன் 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது?
(வாசகர், நெல்லித்தோப்பு)

பதில்: அன்றைய கருவிகள் எல்லாம் மின்னூட்டத்தைத்தான் உணர்ந்தன, நியூட்ரானுக்கு அது இல்லை. பெரிலியத்தின் மேல் ஆல்ஃபா துகள்களை அடித்தபோது வந்த கதிரை பாரஃபின் மெழுகில் விட்டார்கள்; அது மெழுகிலிருந்து புரோட்டான்களை உதைத்து வெளியே தள்ளியது. அந்தப் புரோட்டான்களின் வேகத்தையும், அதே கதிர் உதைத்த நைட்ரஜன் அணுக்களின் வேகத்தையும் ஒப்பிட்டு, உதைத்த துகளின் எடை புரோட்டானுக்குக் கிட்டத்தட்டச் சமம் என்று சாட்விக் கணக்கிட்டார்.